மெக்சிக்கோ கடையில் இரண்டு சுருள்

திருவனந்தபுரத்தில் ஒரு மெக்சிக்கோ கடை இருந்தது என்று நான் சொன்னால் கேட்கிறவர்கள் என்னை மேலும் கீழும் பார்க்கிறார்கள். வயதாகிவிட்டது, எதையோ எதனோடோ குழப்புகிறாள் என்று நினைப்பு. எனக்கு ஒரு குழப்பமும் இல்லை. கடை நாற்பத்தொன்பதில் திறந்தது. ஐம்பத்தொன்றிலிருந்து ஐம்பத்தாறு வரைக்கும், ஞாயிற்றுக்கிழமையும் கிறிஸ்துமஸும் நீங்கலாக, என் மத்தியானச் சாப்பாடு அங்கேதான். கிழக்கேகோட்டையிலிருந்து சாலைக் கடைத்தெருவுக்குத் திரும்புகிற மூலையில், ஒரு ஜவுளிக்கடைக்கும் இரும்புக்கடைக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு நின்றது. இப்போது அந்த இடத்தில் செருப்பு விற்கிறார்கள்.

கடைக்காரர் குற்றாலலிங்கம் அண்ணாச்சிக்குத் தென்காசிப் பக்கம். வாலிபத்திலேயே சரக்குக் கப்பலில் சமையல்காரராகப் போனவர். யுத்தம் முடிந்த வருஷம் அவருடைய கப்பல் எந்திரக் கோளாறாகி மெக்சிக்கோ தேசத்துத் துறைமுகம் ஒன்றில் மூன்று மாதம் கிடந்தது. கரையில் ஒரு பெண்பிள்ளை கடை வைத்திருந்தாளாம். மக்காச்சோள மாவை உள்ளங்கையில் தட்டிக் கல்லில் போட்டு, அதற்குள் வெந்த பயறும் மிளகாயும் எங்கள் பக்கத்தில் உள்ளி என்கிற வெங்காயமும் வைத்து மடித்துக் கையில் கொடுப்பாளாம். உட்கார இடம் கிடையாது.

"மூணு மாசமும் அங்கதான் தின்னேன் தாயி. அவ பாஷை எனக்குத் தெரியாது, எம் பாஷை அவளுக்குத் தெரியாது. கைய நீட்டிக் காட்டுனா வச்சுக் குடுப்பா. வயித்துக்குப் பாஷை எதுக்கு?" என்பார்.

அவர் ஊர் திரும்பிய சமயம் எங்கள் பக்கம் அரிசிக்குத் தட்டுப்பாடு. ரேஷனில் அரிசியைக் குறைத்துவிட்டு மக்காச்சோளத்தைத் தலையில் கட்டினார்கள். அதை என்ன செய்வது என்று எந்த வீட்டிலும் தெரியவில்லை. என் அம்மா அதைக் கோழிக்குப் போட்டாள். கோழியே இரண்டு நாள் யோசித்துத்தான் கொத்தியது. ஊர் முழுக்க அந்தச் சோளத்தின் அருமை தெரிந்த ஒரே ஆள் குற்றாலலிங்கம் அண்ணாச்சி. உடனே கடையைப் போட்டுவிட்டார்.

கடை என்றால் இடுப்புயரத்துக்கு ஒரு நீளப் பலகை, அவ்வளவுதான். பலகைக்கு அந்தப் பக்கம் அண்ணாச்சியும் கல்லும் அடுப்பும். பலகை மேல் வரிசையாக எனாமல் பாத்திரங்கள். ஒன்றில் வெந்த வன்பயறு, ஒன்றில் மசித்த மரச்சீனிக் கிழங்கு, மற்றவற்றில் பொடியாக நறுக்கிய உள்ளி, தக்காளி, மாங்காய், தேங்காய்ச் சம்மந்தித் துவையல், உப்போடு நசுக்கிய காந்தாரி மிளகாய். வரிசையில் நின்று, முறை வந்ததும் எது வேண்டும், எது வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அவர் சுடச்சுட ரொட்டியை வாழையிலைத் துண்டில் போட்டு, சொன்னதையெல்லாம் வைத்து, எலுமிச்சம்பழம் பிழிந்து சுருட்டிக் கொடுப்பார். பலகையோரமாக நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். அதற்கு அந்த ஊரில் வேறு ஏதோ பெயர் உண்டு. அண்ணாச்சி சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வந்ததால் நாங்கள் சுருள் என்றே சொல்லி வந்தோம்.

புதிதாக வருகிறவர்களைப் பார்ப்பது தனி வேடிக்கை. முதலில் நாற்காலியைத் தேடுவார்கள். பிறகு சாம்பாரைத் தேடுவார்கள். ஒரு மலையாளி ஹெட் கான்ஸ்டபிள் சுருளைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இது தோசையோ பத்திரியோ?" என்று விசாரணை நடத்தினார். "ரெண்டும் இல்ல சாரே, மெக்சிக்கோ" என்றார் அண்ணாச்சி. மெக்சிக்கோ மலேயாவுக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று வரிசையில் பெரிய தர்க்கம் நடந்தது. கான்ஸ்டபிள் மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார்.

அந்தக் காலத்து ஓட்டல்களில் யார் எங்கே உட்கார்வது என்பதில் ஆயிரம் பார்வை உண்டு. இங்கே உட்காரவே இடமில்லாததால் அந்தத் தொல்லையும் இல்லை. கோட்டைக்குள் அக்கிரகாரத் தெருவிலிருந்து சேஷன் வருவார், ஏதோ ஒரு சர்க்கார் கச்சேரியில் கிளார்க். தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிடுவார். அவர் முதுகு சாலைக் கடைத்தெரு முழுக்கப் பிரசித்தம் என்பது அவருக்கு மட்டும் தெரியாது. சாப்பிட்டபடியே ஊர்ப் பேச்சு முழுவதும் பேசுவார். பிறர் பேச்சுக்குக் காதும் கொடுப்பார்.

நான் அங்கே முதலில் போனபோது எனக்கு இருபத்திரண்டு வயது. சாலைக் கடைத்தெருவில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் டைப்பிஸ்ட். வரிசையில் ஒரு பெண் கூட இல்லை. நான் போய் நின்றதும் முன்னால் இருந்தவர்கள் எல்லாம் பதறி ஒதுங்கி வழிவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மரியாதை இல்லை அது, நான் சீக்கிரம் வாங்கிக்கொண்டு கண்ணில் படாமல் போய்விட வேண்டும் என்ற அவசரம். "எனக்கு முன்னால வந்தவங்க நீங்க. நீங்க வாங்குங்க, நான் நிக்கேன்" என்றேன். ஒதுங்கியவர்கள் அசடு வழிய மறுபடி வரிசைக்கு வந்தார்கள்.

ஒதுங்காத ஆள் ஒருவர் இருந்தார். எனக்கு நேர் முன்னால் நின்றவர். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தம் முறை வந்ததும், "வன்பயறு, உள்ளி ரெட்டி, காந்தாரி வேண்டாம்" என்று, உள்ளியை மட்டும் இரண்டு மடங்காகச் சொல்லி வாங்கிக்கொண்டு நகர்ந்தார். அவர்தான் அழகியநம்பி.

வீட்டுக்குப் போனதும் அம்மா பிடித்துக்கொண்டாள். அதற்குள் செய்தி போயிருந்தது. "நடுத்தெருவுல ஆம்பிளைகளோட நின்னு வாய அசைக்கதுக்கா உன்ன டைப்பு படிக்க வச்சேன்? சர்ச்சுல நாளைக்கு என்ன சொல்லுவாங்க?" என்றாள் என் அம்மா தாசம்மாள். சர்ச்சில் யாரும் என் மத்தியானச் சாப்பாட்டைச் சமைத்துத் தரப்போவதில்லை என்றேன். அம்மா மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள், மெக்சிக்கோவில் மீன் கிடைக்குமா என்று கேட்டாள். கிடைக்காது, அண்ணாச்சி சைவம் என்றேன். அப்படிப்பட்ட கடைக்கா இவ்வளவு கூட்டம் என்று ஆச்சரியப்பட்டாள்.

அண்ணாச்சி கடையில் ஒரு சட்டம் உண்டு. அதைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. அவரவர்க்கு வேண்டியதை அவரவர் வாயால் சொல்ல வேண்டும். ஒருத்தருக்காக இன்னொருத்தர் கேட்டால் கொடுக்க மாட்டார். கட்டிக்கொண்டு போகிற வழக்கமும் கிடையாது. ஒரு ஆபீஸ் ஹெட் கிளார்க் பியூனை அனுப்பி, பத்து சுருள் வாங்கி வா என்றார். அண்ணாச்சி பியூனிடம், "அவருக்கு உள்ளி எம்புட்டு வேணும்னு ஒனக்குத் தெரியுமாய்யா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். ஹெட் கிளார்க் முறைத்துக்கொண்டு ஒரு வாரம் இருந்தார். எட்டாம் நாள் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு வரிசையில் வந்து நின்றார்.

சட்டத்துக்கு ஒரே ஒரு விலக்கு. புருஷனுக்காகப் பெண்சாதி கேட்கலாம், பெண்சாதிக்காகப் புருஷன் கேட்கலாம். ஒருத்தர் வயிற்றை இன்னொருத்தர் அறிந்த உறவு அதுதான் என்பது அண்ணாச்சியின் அபிப்பிராயம். அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை என்பது வேறு விஷயம். யாராவது இரண்டு சுருள் கேட்டால் கரண்டியை நிறுத்திவிட்டு, "யாருக்கு?" என்று சத்தமாகக் கேட்பார். "வீட்டுக்காரிக்கு" என்று அதே சத்தத்தில் பதில் வர வேண்டும். வந்தால் இரண்டாவது சுருளில் ஒரு கை மாங்காய் கூடுதலாக விழும்.

அந்தப் பதிலை விளையாட்டுக்குச் சொல்ல முடியாது. ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுக்கிற ஒரு பையன்—அப்போதுதான் மீசை அரும்பிய பொடியன் இல்லை, இருபத்தைந்து வயது ஆள்—பக்கத்தில் நின்ற பெண்ணுக்கும் சேர்த்துக் கேட்டு, வாய் துடுக்கில் "வீட்டுக்காரிக்கு" என்று சொல்லிவிட்டான். சாயங்காலம் கடை அடைப்பதற்குள் பெண்ணின் அண்ணன்மார் மூன்று பேர் ஜவுளிக்கடையில் வந்து நின்றார்கள். சண்டைக்கு அல்ல, தேதி குறிக்க. அடுத்த மாதமே கல்யாணம். அதற்குப் பிறகு அந்தப் பலகையின் முன் அந்த வார்த்தையைச் சொல்வது சாலை முழுக்கத் தண்டோரா போட்டதற்குச் சமம் என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

அழகியநம்பிக்கு ஊர் சுசீந்திரம். கோட்டைக்குள் இருந்த சர்வே ஆபீஸில் படம் வரைகிறவர். மணக்காட்டில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தார். ஒரே நேரத்தில் மத்தியான மணி அடிக்கும், ஒரே வரிசை, ஒரே பலகை. முதல் ஆறு மாதம் நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. பிறகு ஒரு நாள் என்னால் பொறுக்க முடியவில்லை.

"தினம் காந்தாரி வேண்டாம் வேண்டாம்னு சொல்லியளே. நாஞ்சில் நாட்டு ஆம்பிளைக்கு எரிவு ஆகாதா?" என்று கேட்டேன்.

அவர் நிதானமாக மென்று விழுங்கிவிட்டு, "எங்க வீட்டுல எரிவுக்கு அப்பா ஒரு ஆளு போதும். நான் கொஞ்சம் சாந்தமா இருந்துட்டுப் போறேன்" என்றார்.

நான் சிரித்ததில் புரையேறிவிட்டது. அண்ணாச்சி செம்பில் தண்ணீர் நீட்டினார். அன்றிலிருந்து பேசினோம். பேச்சு என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு சுருள் தின்று முடிக்கப் பத்து நிமிஷம் ஆகும், பேசினால் பதினைந்து. அவர் வரைகிற படங்களைப் பற்றிச் சொல்வார். ஒரு குளத்தின் கரையை வரைய மூன்று நாள் ஆயிற்று என்பார். நான் எங்கள் மானேஜரின் இங்கிலீஷைப் பற்றிச் சொல்வேன். மழை பெய்தால் கடையின் தகரச் சார்ப்புக்குக் கீழே எல்லோரும் நெருங்கி நிற்போம், அன்றைக்கு இருபத்தைந்து நிமிஷம் ஆகும். அந்த ஐந்து வருஷத்தில் மழை பெய்த மத்தியானங்கள் எத்தனை என்று என்னைக் கேட்டால் ஏறக்குறையச் சொல்லிவிடுவேன்.

எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதில் சுற்றி வளைக்க ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் உட்கார்ந்திருக்கும்போது, நாளைக்குத் திங்கள்கிழமை என்ற நினைப்பே இனிக்கும். பிற்பாடு எனக்குக் கல்யாணம் ஆயிற்று, நல்ல மனிதர், நன்றாகவே வாழ்ந்தோம். ஆனாலும் ஒரு திங்கள்கிழமைக்காக அப்படி ஏங்கியது அதற்குப் பிறகு வரவில்லை. அவர் கோயில் தெருவில் பிறந்தவர், நான் சர்ச் காம்பவுண்டில் பிறந்தவள். அது தெரியாமல் இல்லை. அவருடைய அப்பா ஆறுமுகநயினார் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும். ஆனாலும் பலகையின் முன் நிற்கிற பதினைந்து நிமிஷத்தில் அதெல்லாம் சமாளிக்கக்கூடிய காரியமாகத்தான் தோன்றும்.

ஐம்பத்தாறில் ராஜ்யங்களைப் பிரித்தார்கள். தெற்கே நாலு தாலுகா மெட்ராஸோடு போகிறது, திருவனந்தபுரம் கேரளாவில் நிற்கிறது என்று முடிவாயிற்று. வரிசையில் வேறு பேச்சே இல்லை. கொஞ்சம் சத்தமும் ஆயிற்று. தமிழ் பேசுகிறவர்களும் மலையாளம் பேசுகிறவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்ட நாட்களும் உண்டு. அண்ணாச்சி, "ராஜ்யத்த வெளிய வச்சுட்டு வாங்க, மாவு காயுது" என்று அதட்டுவார்.

நம்பியின் ஆபீஸில் தெற்கத்திக்காரர்களுக்கு ஒரு காகிதம் கொடுத்தார்கள். எந்த ராஜ்யத்தில் வேலை பார்க்க விருப்பம் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். அக்டோபர் பதினைந்தாம் தேதி கடைசி நாள். அவர் அதை என்னிடம் சொன்னது செப்டம்பர் கடைசியில்.

"மெட்ராஸுன்னு எழுதினா நாகர்கோவிலுக்கு மாத்திருவாங்களாம்" என்றார்.

"நீங்க அப்படித்தானே எழுதுவீங்க?"

"அப்பா அப்படித்தான் சொல்லியாரு. வயலு இருக்கு, வீடு இருக்கு. இங்க நிக்கேன்னு எழுதினா ஏன்னு கேப்பாரு. ஒரு காரணம் சொல்லணும்லா."

"என்ன காரணம் சொல்லுவீங்க?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. மாங்காய்ப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அதுதான் யோசிக்கேன். நில்லுன்னு யாராவது சொன்னா நின்னுருவேன்" என்றார்.

எனக்குப் புரிந்தது. புரியாமல் என்ன, பலகைக்கு அந்தப் பக்கம் நின்ற அண்ணாச்சிக்கே புரிந்திருக்கும். புரிந்ததால்தான் பற்றிக்கொண்டு வந்தது. முப்பது வயது ஆண்பிள்ளை, நிற்கட்டுமா என்று கேட்கட்டுமே. கேட்டால் ஆம் என்று சொல்லியிருப்பேன், அடுத்த மூச்சில் சொல்லியிருப்பேன். அவர் கேட்காமல் நான் போய் நில்லுங்கள் என்று கையைப் பிடிக்க வேண்டுமாக்கும். "யாராவது சொல்லுவாங்க, பொறுமையா இருங்க" என்று சொல்லிவிட்டு இலையை எறிந்து வந்துவிட்டேன்.

அந்த இரண்டு வாரமும் இப்படியே போயிற்று. அவர் காகிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு வந்தார். நான் அதன் மடிப்பைப் பார்ப்பேன், எழுதினாயிற்றா என்று கேட்க மாட்டேன். அவர் நான் பார்ப்பதைப் பார்ப்பார். நாங்கள் மழையைப் பற்றிப் பேசினோம்.

பதினைந்தாம் தேதி திங்கள்கிழமை. மணி அடித்ததும் ஓடினேன் என்றே சொல்ல வேண்டும். வரிசை நீளமாக இருந்தது. நம்பியைக் காணவில்லை. தெருவைப் பார்த்துப் பார்த்து என் கழுத்து வலித்தது. எனக்கு முன்னால் சேஷன் வழக்கம்போல முதுகைக் காட்டிக்கொண்டு வாங்கிக்கொண்டார். என் முறை வந்தபோது அண்ணாச்சி மாவுச் சட்டியைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, வரிசையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ரெண்டு சுருளுக்குத்தான் மாவு இருக்கு. பொறத்த நிக்கவங்க மன்னிக்கணும்."

பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டு கலையத் தொடங்கினார்கள். எனக்கு ஒரே ஒரு நினைப்புதான் வந்தது. நம்பி வந்தால் அவருக்கு இல்லாமல் போய்விடும். மத்தியானம் வெறும் வயிற்றோடு இருந்தால் அவருக்குத் தலைவலி வரும். இதை அவர் சொன்னதில்லை, ஐந்து வருஷம் பக்கத்தில் நின்றதில் எனக்குத் தெரியும்.

"ரெண்டையும் போடுங்க அண்ணாச்சி" என்று என் வாய் சொல்லிவிட்டது. "ஒண்ணு எப்பவும் போல. இன்னொண்ணு வன்பயறு, உள்ளி ரெட்டி, காந்தாரி வேண்டாம்."

அண்ணாச்சியின் கரண்டி அப்படியே நின்றது. அப்போதுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது. உள்ளி ரெட்டி, காந்தாரி வேண்டாம் என்றால் யார் என்று அந்தப் பலகையில் தெரியாதவர் கிடையாது.

"யாருக்கு?" என்றார் அண்ணாச்சி.

கலைந்துகொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். இரும்புக்கடைக்காரர் தராசைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தார். சேஷன், ஏழு வருஷ வழக்கத்தை மறந்து, தெருவைப் பார்க்கத் திரும்பி நின்றுவிட்டார். "சொல்லுமேன் ரத்னாபாய், யாருக்குன்னு அண்ணாச்சி கேக்கறாரே. நாங்களும் தெரிஞ்சுக்கறோம்" என்று இளித்தார். யாரோ சிரித்தார்கள். அதைக் கேட்டு இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

ஒரு வார்த்தை. வீட்டுக்காரருக்கு என்று சொல்லியிருந்தால் போதும். மீதியை ஊரே பார்த்துக்கொண்டிருக்கும். ஆறுமுகநயினார் குதித்திருப்பார், அம்மா அழுதிருப்பாள், சர்ச்சில் என்னைக் கூப்பிட்டு விசாரித்திருப்பார்கள். எல்லாவற்றுக்கும் நான் வாய் திறந்து பதில் சொல்லியிருப்பேன், எனக்கா வாய் இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பு என் காதுக்குள் போனதும் என் மூக்கு நுனிக்கு வந்துவிட்டது கோபம்.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. முகத்தைத் தாழ்த்திக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "தாயி, இன்னொரு மட்டம் கேக்கேன். அவசரமில்ல. யாருக்கு?" என்றார்.

"யாருக்கும் இல்ல" என்றேன் எல்லோருக்கும் கேட்கும்படி. "ரெண்டும் எனக்குத்தான். எனக்குப் பசி. ரெண்டையும் நானே தின்னுவேன். யாருக்காவது அதுல விரோதம் உண்டா?"

ஒருத்தருக்கும் விரோதம் இல்லை. அண்ணாச்சி இரண்டையும் சுருட்டி இலையில் வைத்தார். இரண்டாவதில் மாங்காய் போடவில்லை. நான் இரண்டு கைக்கும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

நம்பி நின்றுகொண்டிருந்தார். வரிசையின் கடைசியில், கையில் நனைந்த குடையோடு. எப்போது வந்தார் என்று தெரியாது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததுமே, அண்ணாச்சியின் கேள்வியும் என் பதிலும் எல்லாம் கேட்டிருக்கிறார் என்று தெரிந்துவிட்டது.

அவர் மெதுவாகப் பலகைக்கு வந்தார். "மாவு தீந்துட்டுய்யா நம்பி" என்றார் அண்ணாச்சி. சொல்லும்போதே அண்ணாச்சியின் கண் என் கையில் இருந்த சுருளுக்குப் போய்விட்டுத் திரும்பியது.

"இருக்கட்டும் அண்ணாச்சி. எனக்குப் பசியில்ல" என்றார் நம்பி.

இப்போதாவது நீட்டியிருக்கலாம். இந்தாருங்கள், இது உங்களுக்காகத்தான் வாங்கினேன் என்று சொல்லியிருக்கலாம். சேஷன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கையில், சொன்ன சொல்லை அரை நிமிஷத்தில் விழுங்க என்னால் முடியவில்லை. என் சொல்லை நிரூபிப்பதற்காக நம்பியின் சுருளை எடுத்து ஒரு கடி கடித்தேன். காரமே இல்லை. இத்தனை வருஷமாக இதையா தின்றார் இந்த மனிதர் என்று தோன்றியது. அழுகை வந்தது, மென்றேன்.

அவரும் பேசியிருக்கலாம். அது எனக்கு என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருந்தால் சட்டப்படி என் கையிலிருந்து அது அவர் கைக்குப் போயிருக்கும். அவர் மீது எனக்கு இன்றைக்கும் அந்தக் கோபம் உண்டு. சாந்தம் நல்லதுதான், அதற்கும் ஒரு அளவு வேண்டாமா.

அவர் சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். பலகையில் ஈரமில்லாத இடமாகப் பார்த்து, கைக்குட்டையால் துடைத்து அதை விரித்தார். சட்டைப்பையைத் தடவினார்.

"பேனாவ ஆபீஸ்லயே வச்சுட்டு வந்துட்டேன். உங்ககிட்ட உண்டா?" என்றார்.

"பையில இருக்கு. எடுத்துக்கிடுங்க, கை ரெண்டும் ஒழியல்ல" என்றேன்.

என் தோளில் தொங்கிய பையைத் திறந்து பேனாவை அவரே எடுத்தார். அவ்வளவு பக்கத்தில் அவர் வந்தது அதுதான் முதல் தடவை. குனிந்து நின்று எழுதினார். பெயர், தகப்பனார் பெயர், உத்தியோகம், ஊர். படம் வரைகிறவரின் கை, ஒவ்வொரு எழுத்தும் அச்சடித்த மாதிரி விழுந்தது. விருப்பம் என்ற இடத்துக்கு வந்ததும் கொஞ்ச நேரம் பேனாவைத் தூக்கியே வைத்திருந்தார். நான் மென்றுகொண்டே நின்றேன். பிறகு அதையும் எழுதிக் கையெழுத்திட்டார்.

காகிதத்தை என் முகத்துக்கு நேரே பிடித்தார். "நீங்க டைப்பிஸ்ட்டுல்லா. ஒரு மட்டம் பாத்துச் சொல்லுங்க ரத்னா. இதுல தப்பு எதும் இருக்கா?"

என் பெயரை அவர் சொன்னது அன்றைக்குத்தான். நான் மேலிருந்து கீழே வரைக்கும் படித்தேன். மெட்ராஸ் என்ற இடத்தில் ஒரு தடவை நின்று, இன்னொரு தடவை படித்தேன்.

"தப்பு ஒண்ணும் இல்ல" என்றேன், அவருடைய சாப்பாட்டை வாய் நிறைய வைத்துக்கொண்டு.